மலை ஏறாத காலிலும் காய்ப்பு

பாப்பா, சின்னவனே,

இதை உங்கள் இரண்டு பேருக்காகவும் எழுதுகிறேன். தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளி, அதற்குப் பிறகு தானா ராத்தா டவுன் பள்ளியில் கொஞ்ச காலம். அவ்வளவுதான் என் படிப்பு. பிழை இருந்தால் சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

வாயால் சொல்லலாம்தான். ஆனால் நம் வீட்டில் வாயால் சொன்ன எதுவும் நேராகப் போய்ச் சேர்ந்ததில்லை. டாக்டரிடம், உங்கள் அம்மாவிடம், அத்தையிடம், லீவு கேட்கும்போது தோட்டத்து ஆபீஸ் கிராணியிடம் என்று இந்த ஒரே கதையைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. மறுபடி சொல்லத் தெம்பில்லை. நாளைக்கு உங்களுக்கென்று ஒரு குடும்பம் வரும்போது, பிள்ளை பிறக்கும்போது, குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்று அங்கே ஒரு டாக்டர் கேட்பார். அப்போது நீங்கள் என்னைப் போல உளறக் கூடாது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் நம் குடும்பத்துக் காலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

குதிகாலுக்கு மேலே, பின்பக்கம், கெண்டைக்காலுக்கு நரம்பு ஏறிப் போகிற இடத்தில் என் அப்பாவுக்கு, அதாவது உங்கள் தாத்தாவுக்கு, ஒரு தடிப்பு இருந்தது. தொட்டால் கல் மாதிரி இருக்கும், ஆனால் வலிக்காது. கை விரல் முட்டிகளிலும் சின்னச் சின்னதாக இருந்தது. எனக்கு மூத்தவரான உங்கள் பெரியப்பாவுக்கும் இருந்தது. அத்தைக்கு இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. நாங்கள் அதைக் காய்ப்பு என்றுதான் சொல்வோம். மண்வெட்டி பிடித்தால் உள்ளங்கை காய்த்துப் போகிறதில்லையா, அதுபோல மலை ஏறி இறங்கிக் கால் காய்த்துவிட்டது என்று நினைத்தோம். அப்படி நினைத்தோம் என்று சொல்வதுகூடச் சரியில்லை. அதில் நினைக்க என்ன இருந்தது? கண்ணுக்கு எதிரே மலை, கண்ணுக்கு எதிரே கால்.

அதில் எங்களுக்குப் பெருமை வேறு. லயத்து வீடுகளில் எங்களைக் கால் காய்ச்ச குடும்பம் என்பார்கள். முன்பிருந்த துரை ஒருமுறை குனிந்து தாத்தாவின் காலைப் பார்த்துவிட்டு, இந்த மலையை இவன்தான் நடந்தே தேய்த்திருக்கிறான் என்று கங்காணியிடம் சொன்னாராம். அதை அத்தை இன்றைக்கும் சொல்லும். வேலை விட்டு வந்ததும் தாத்தா வீட்டுக்குப் பின்னால் குழாயடியில் உட்கார்ந்து, ஆற்றிலிருந்து எடுத்து வந்த ஒரு சொரசொரப்பான கல்லால் அந்தக் காய்ப்பைத் தேய்ப்பார். தேய்த்துத் தேய்த்துத் தோல் சிவக்குமே தவிர, காய்ப்பு ஒருநாளும் குறைந்ததில்லை. பின்னாளில் நானும் அதே கல்லால்தான் தேய்த்தேன். நீங்கள் துணி துவைக்கும்போது ஓரமாகத் தள்ளி வைப்பீர்களே, அந்தக் கல்தான்.

தாத்தா ஐம்பது வயதைப் பார்க்கவில்லை. கொழுந்து மூட்டையை நிறுவைக்கு இறக்கிவிட்டு, வரப்பில் உட்கார்ந்தார். அப்படியே சாய்ந்துவிட்டார். மலைக்காத்து அடிச்சிருச்சு என்றார்கள். பெரியப்பா அந்த வயதுக்குக்கூட வரவில்லை. பிரிஞ்சாங் சந்தையில் கடை விரிக்கப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அதற்கும் அதே சொல்தான், காத்து. நாங்கள் அழுதோம், காரியம் செய்தோம், மறுவாரம் வேலைக்குப் போனோம். காற்றோடு யார் போய் வழக்குப் பேசுவது?

அப்புறம் சுகாதார இலாகாவின் வேன் நம் தோட்டத்து மண்டபத்துக்கு வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இலவசமாக ரத்தம் பார்க்கிறார்கள் என்று உங்கள் அம்மா பிடித்துத் தள்ளியதால் போனேன். அவர்கள் என் ரத்தத்தை இரண்டு தடவை பார்த்தார்கள். பிறகு தானா ராத்தா கிளினிக்குக்கு வரச் சொன்னார்கள். நான் ஓட்டுகிற கொழுந்து லோரியை வேறு ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனேன்.

அங்கே ஓர் இளம் மலாய்ப் பெண் டாக்டர் இருந்தார். கொழுப்பு அதிகம், எனக்கு வந்திருக்கிற மாதிரி சாப்பாட்டினால் மட்டும் வராது என்று சொல்லிவிட்டு, அப்பா எதனால் இறந்தார் என்று கேட்டார்.

"அங்கின் லா, டாக்டர்," என்றேன். அங்கின் என்றால் மலாயில் காற்று.

"அண்ணன்?"

"அவரும் அங்கின்தான்."

"ரெண்டு பேருமே அங்கினா?"

"இது கேமரன் மலை இல்லையா டாக்டர். இங்கே அங்கின் கொஞ்சம் ஜாஸ்தி."

அவர் சிரிக்கவில்லை. பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு, காலணியைக் கழற்றச் சொன்னார். காய்ப்பை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். என் விரல் முட்டிகளைப் பார்த்தார். கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். பிறகு நிதானமாக, இது கெதுருனான் நோய் என்றார்.

இங்கேதான் நான் வழுக்கினேன். கெதுருனான் என்ற சொல் நமக்கு எங்கே வரும்? பள்ளிக்கூடத்தில் நிரப்பிக் கொடுக்கிற பாரத்தில் வரும், பேங்கு பாரத்தில் வரும். கெதுருனான் என்று போட்டு ஒரு கோடு இருக்கும், நாம் இந்தியா என்று எழுதுவோம். பிறந்ததிலிருந்து எனக்கு அந்தச் சொல்லுக்கு அந்த ஓர் அர்த்தம்தான். அதனால் டாக்டர் சொன்னது, இது இந்தியர்களுக்கு வருகிற நோய் என்று என் காதில் விழுந்தது. சரிதான், சக்கரை மாதிரி இதுவும் நம் தலையில் எழுதியது என்று மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பிள்ளைகளையும் கூடப் பிறந்தவர்களையும் கூட்டி வாருங்கள் என்று அவர் சொன்னதும் காதில் விழுந்தது. இந்தியர்கள் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு வர முடியுமா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

வீட்டில் வந்து உங்கள் அம்மாவிடம் அப்படியே சொன்னேன். "நம்ம இனத்துக்கே உள்ள நோயாம்."

"அப்ப எனக்கும் வரணுமே," என்றாள் அம்மா. "நானும் இந்தியாதானே. எங்கப்பா இந்த வயசுலயும் பசாருக்குப் போயி மீன்காரன்கிட்ட சண்டை போட்டுட்டு வர்றாரு. அவருக்கு ஏன் வரல?"

அது சரியான கேள்வி. அன்றைக்கு நான் அதைக் கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை. அத்தைக்கும் போன் போட்டு, நம்ம ஆளுங்க எல்லாருக்கும் வர்றதுதானாம் என்று சொல்லிவைத்தேன்.

"எல்லாருக்கும் வர்றதுக்கு எதுக்குடா டாக்டரு?" என்றார் அத்தை. "எல்லாரு மேலயுந்தான் மழை பெய்யுது. மாத்திரையா சாப்பிடுறோம்?"

மறுபடி கிளினிக்குக்குப் போனபோது சில மாதங்கள் ஓடியிருந்தன. மாத்திரையை நினைவு வந்த நாளில் போட்டேன், வராத நாளில் போடவில்லை. அன்றைக்கு ரத்தம் எடுத்தது ஒரு தமிழ் நர்ஸ் மிஸ்ஸி. ஏன் யாரையும் கூட்டி வரவில்லை என்று கேட்டார். நான் என் இந்தியர் கதையைச் சொன்னேன். அவர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"அண்ணே, பாரத்துல கேக்குற கெதுருனான் இல்ல இது. இது வம்சம். உங்க அப்பாகிட்ட இருந்து உங்களுக்கு வந்திருக்கு. உங்ககிட்ட இருந்து உங்க புள்ளைங்களுக்குப் போகும்."

அதற்குப் பிறகு அவர் சொன்னதில் பாதி என் காதில் ஏறவில்லை. புள்ளைங்களுக்கு என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். அவர் பொறுமைசாலி, மறுபடியும் சொன்னார். எனக்குப் புரிந்த வரைக்கும் எழுதுகிறேன். ரத்தத்தில் ஓடுகிற கொழுப்பை ஈரல் பிடித்துக் கழிக்க வேண்டும். நம் வம்சத்தில் அந்தப் பிடி பிறவியிலேயே குறை. கழியாத கொழுப்பு, ஃபேக்டரித் தொட்டியில் தேயிலைக் கறை படிகிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாகப் படிகிறது. நெஞ்சுக் குழாயில் படிந்தால் வெளியே தெரியாது. குதிகால் நரம்பில் படிந்தால் தெரியும். அதுதான் காய்ப்பு. ஒல்லியாக இருந்தாலும் வரும், கறியே தொடாவிட்டாலும் வரும். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வரலாம், வராமலும் போகலாம், பாதிக்குப் பாதி. சீக்கிரம் கண்டுபிடித்து மாத்திரையை விடாமல் போட்டால், மற்றவர்களைப் போல வாழலாம்.

"அப்ப எங்கப்பா காத்துல சாகல," என்றேன்.

"இல்லண்ணே," என்றார் மிஸ்ஸி.

என் ரத்தத்தைக் கோலாலம்பூருக்கு அனுப்பி, எந்த இடத்தில் அந்தக் குறை என்று பார்த்தார்கள். பிறகு உங்கள் இரண்டு பேருக்கும் பார்த்தார்கள். பாப்பாவுக்கு இருந்தது. சின்னவனுக்கு இல்லை.

சின்னவனே, அன்றைக்கு நீ முதலில் சிரித்தாய். அப்புறம் அக்காவைப் பார்த்தாய். அன்றைக்குச் சாயங்காலம் நீ சாப்பிட வரவில்லை. அம்மா கூப்பிட்டும் வரவில்லை. பாப்பாதான் போய், "வந்து தின்னுடா, எனக்குத்தான் கொழுப்பு, ஒனக்கு என்னா," என்று இழுத்துக்கொண்டு வந்தது. உனக்கு இல்லாததில் உன் தப்பு எதுவும் இல்லை. சிரித்ததிலும் தப்பு இல்லை. நானும் உள்ளுக்குள் ஒரு கண்ணால் சிரித்தேன், இன்னொரு கண்ணால் என்ன செய்தேன் என்று சொல்லத் தேவையில்லை.

இனி அத்தை. அவர்களுக்கு ஒரே மகன், உங்கள் மச்சான். கம்போங் ராஜாவிலிருந்து காய்கறி லோரியைச் சிம்பாங் பூலாய் மலை இறக்கத்தில் ஓட்டிக்கொண்டு ஈப்போவுக்குப் போகிறவன். அவன் ஸ்டேரிங் பிடிக்கிற கையை எனக்குத் தெரியும். முட்டிகளில் தாத்தாவுக்கு இருந்த அதே உருண்டை. பெரியப்பா விழுந்த வயதை அவன் நெருங்கிக்கொண்டிருந்தான். பெட்டி இறக்கும்போது விழுந்தால் அவனோடு போகும். அந்த இறக்கத்தில் லோரி ஓட்டும்போது நெஞ்சு நின்றால்? எனக்குத் தூக்கம் போனது அதை நினைத்துத்தான்.

போனில் சொன்னேன், அத்தை மசியவில்லை. பாப்பாவுக்கு லீவு கிடைத்த ஒரு நாளில் நானும் பாப்பாவும் நேரில் போனோம். அத்தை ஆட்டுக்கறிப் பிரட்டல் வைத்திருந்தார். வாசனை வாசலிலேயே பிடித்துக்கொண்டது.

"நான் இப்ப கறி குறைச்சுட்டேன்க்கா," என்றேன்.

"பாத்தியா, டாக்டரா மாறிட்டான் என் தம்பி."

மச்சான் சிரித்தான். "லோரியில முட்டைக்கோஸ் நிறைய நிக்குது மாமா. உங்களுக்கு ஒரு பெட்டி இறக்கட்டா?"

"இறக்குடா. முதல்ல நீ ரத்தம் குடுக்க வா."

அத்தை கரண்டியைக் கீழே வைத்தார். "முன்ன நீதானே சொன்ன, இந்தியனுக்கெல்லாம் வர்றதுன்னு. இப்ப நம்ம வீட்டுக்கு மட்டும்ங்கற. அடுத்தாப்புல எனக்கு மட்டும்னு சொல்லுவியா?"

"அன்னைக்குத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்க்கா."

"அப்ப இதையும் தப்பாத்தான் புரிஞ்சிருப்ப."

மச்சானின் கையைப் பிடித்துக் காட்டினேன். முட்டியைப் பாருங்கள், அப்பாவுக்கு இருந்த மாதிரியே இருக்கிறது என்றேன். அங்கேதான் அத்தைக்குக் கோபம் வந்தது. அதுவரைக்கும் கேலிதான்.

"அப்பா காலு இந்த மலையில நடந்து காய்ச்ச காலு. இவன் கை ஸ்டேரிங் புடிச்சு காய்ச்ச கை. உழைச்ச ஒடம்பைக் காட்டி நோவுங்கறியே, ஒனக்கு வாய் கூசல? அவரு விட்டுட்டுப் போனது என்னா, நெலமா, வீடா? அந்தப் பேரு ஒண்ணுதான். அதையும் புடுங்கிட்டுப் போயி ஆஸ்பத்திரியில குடுத்துட்டு வந்திருக்க."

மச்சான் சிரிப்பதை நிறுத்திவிட்டான். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். எனக்கும் உள்ளே அப்படித்தான் இருந்தது, பாப்பா. மிஸ்ஸி சொன்னது தலைக்கு ஏறிவிட்டது, மனசுக்கு ஏறவில்லை. அத்தை சொன்னதை நானே எனக்குள் பல தடவை சொல்லியிருக்கிறேன்.

அப்போது நீ கை கழுவிவிட்டு வந்து, சாக்ஸை உருவிப் போட்டுவிட்டு, அத்தைக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்தாய். நம் வீட்டில் பெரியவர்கள் முன்னால் காலை நீட்டக் கூடாது. நான் அதட்ட வாயைத் திறந்தேன்.

"அத்தே, இதைத் தொட்டுப் பாருங்க."

குதிகாலுக்கு மேலே, அதே இடம். சின்னதாகத்தான் இருந்தது. ஹோட்டல் ஷூ பின்னால் கடிக்கிறது என்று நீ கொஞ்ச காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தது அதுதான்.

"நான் எந்த மலை ஏறுனேன் அத்தே? ஹோட்டல் கவுண்டர்ல ஒக்காந்து சாவி குடுக்குறேன். நான் ஏறுனது லிப்ட்டு மட்டுந்தான்."

அத்தை குனிந்து பெருவிரலால் அந்த இடத்தை அழுத்திப் பார்த்தார். சின்ன வயதில் தாத்தாவின் காலை அத்தைதான் அழுத்திவிடும், அதே அழுத்தல். ரொம்ப நேரம் விரலை எடுக்கவில்லை. அப்புறம் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். சட்டி மூடுகிற சத்தம் கேட்டது. கிளம்பும்போது ஒரு பை தக்காளியைக் கையில் கொடுத்தார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மச்சான் காருக்குப் பக்கத்தில் வந்து நின்றான். "அம்மா சொன்னா வர்றேன் மாமா. அம்மாவ மீறி வந்தா, தாத்தாவத் திட்டுன மாதிரி ஆயிரும்."

அதற்குப் பிறகு நான் காத்திருந்தேன். மறுபடி போன் செய்ய எனக்குத் தெம்பில்லை. செய்தால் இன்னும் இறுகிப்போகும் என்றும் தோன்றியது. கொழுந்து ஏற்றிக்கொண்டு ரோட்டோரம் நிற்கும்போது காய்கறி லோரி போனால், ஓட்டுகிறவன் யார் என்று எட்டிப் பார்ப்பேன். ஈப்போ ரோட்டில் ஏதாவது விபத்து என்று யாராவது சொன்னால், லோரியா காரா என்பதுதான் என் முதல் கேள்வி.

ஒரு நாள் காலையில் அத்தை போன் செய்தார். சௌக்கியம்கூட விசாரிக்கவில்லை. "கிளினிக்குக்கு வெறும் வயித்தோட வரணுமா, சாப்பிட்டுட்டு வரணுமா?"

"மிஸ்ஸிகிட்ட கேட்டுச் சொல்றேன்க்கா," என்றேன்.

தாயும் மகனும் ரத்தம் கொடுத்தார்கள். முடிவு வந்த அன்றைக்கும் நான் போனேன். இரண்டு பேருக்கும் இருந்தது. மச்சானை ஈப்போவுக்கு அனுப்பி நெஞ்சையும் பார்த்திருந்தார்கள். குழாயில் படிந்திருக்கிறது, ஆனால் இன்னும் அடைக்கவில்லை, இப்போதைக்கு மாத்திரை போதும், சிகரெட்டைத் தொடாதே என்றார்கள். அவன் மருந்து வாங்க வரிசையில் நின்றான். நானும் அத்தையும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மழை தூறிக்கொண்டிருந்தது.

"சரி, கால்ல இருந்தது நோவுன்னே வச்சிக்குவோம்," என்றார் திடீரென்று. "தோள்ல இருந்துச்சே, அது?"

எனக்கு உடனே புரிந்தது. தாத்தாவின் வலது தோளில் மூட்டை உட்கார்ந்து உட்கார்ந்து கறுத்துப்போன ஓர் இடம் இருந்தது. எருமைத்தோல் மாதிரி தடித்திருக்கும். நான் என் தோளைத் தொட்டுப் பார்த்தேன், அங்கே எதுவும் இல்லை. பெரியப்பாவுக்கும் இருந்ததில்லை.

"அது மூட்டை தூக்குனது, அக்கா."

"நெசமாவா?"

"நெசமா. அந்த நெஞ்சை வச்சுக்கிட்டு அம்புட்டு மூட்டை தூக்கியிருக்காரு."

அத்தை தலையை ஆட்டினார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மழை தெறிக்கிறது என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப இனிமே கறியே ஆக்கக் கூடாதா?" என்றார்.

"எப்பவாச்சும் ஆக்கு. என்னையக் கூப்புடாத."

"ஒன்ன யாரு கூப்புட்டா, போ லா."

மச்சான் மருந்துப் பையோடு வந்தான். இரண்டு பேரையும் பஸ் ஸ்டேஷனில் இறக்கிவிட்டேன். அத்தை ஜன்னல் வழியே, பாப்பாவை மாத்திரையை மறக்காமல் போடச் சொல் என்று கத்தினார். பஸ் போய்விட்டது.

நான் வீட்டுக்கு வந்தபோது நீங்கள் யாரும் வந்திருக்கவில்லை. உடம்பு முழுக்க அசதி. பூட்ஸில் காலையில் மிதித்த தோட்டத்துச் சேறு காய்ந்துபோயிருந்தது. குழாயடிக்குப் போய், தாத்தா உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தேன். பழக்கத்தில் கை அந்தக் கல்லை எடுத்துவிட்டது, கால் தானாக மடங்கியது. காய்ப்பைத் தேய்க்கவில்லை. பிறகு பூட்ஸை எடுத்து, அந்தக் கல்லால் அடியில் ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டினேன். நன்றாக வந்தது. கல்லைக் கழுவி, அது இருந்த இடத்திலேயே வைத்தேன்.